ஆறுதலாக

ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில்
என் கடவுச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்
வெளிநாட்டார் படிவத்தைத் தள்ளிவிட்டார்.
வந்த நோக்கம் என்ற கட்டத்துள்
சும்மா என்று எழுதினேன்.
அதை அடித்து
ஆன்மீகம் என்று திருத்தினார்.
"சும்மாவுக்கு இதுல எடமில்லம்மா."

முதுகுப் பை பதினொரு கிலோ.
மட்டக்களப்பில் கட்டியது,
கொச்சியில் ஒரு குடை ஏறியது,
நாகர்கோவிலில் ஒரு செருப்பு இறங்கியது.
பையைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு
கைவீசிப் படியிறங்கினேன்.

டவுன் பஸ்.
பெண்களுக்குக் காசில்லை என்றார் கண்டக்டர்.
"நான் வெளிநாடு" என்றேன், நேர்மையாக.
விரலில் எச்சில் தொட்டுச் சீட்டைக் கிழித்தார்:
"பொம்பளதான?"
எந்த விமான நிலையமும் என்னை
இவ்வளவு சுருக்கமாக உள்ளே விட்டதில்லை.

ரதவீதி நான்கையும் ஒருமுறை சுற்றினேன்.
எங்கே தொடங்கினேன் என்பது மறந்து
இன்னொரு முறை.
சுவரில் கண்ணீர் அஞ்சலிக்கு மேல் பூப்புனித நீராட்டு,
அதற்கு மேல் பசை காயாத ஒரு கட்சிக்காரர்.
இருபது ரூபாய்க்கு ஒரு சீப்பு வாங்கினேன்.
தலை வாரத்தான், வேறெதற்கும் இல்லை.

சர்பத் கடைக்காரி கேட்டாள்,
எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தபடி:
"யாரத் தேடி வந்திருக்கிய?"
பூக்கடையிலும் அதே கேள்வி.
செருப்பு தைப்பவர் ஒருபடி மேலே போய்
"பூர்வீகம் இங்கனதானே" என்று முடித்தே விட்டார்.
இல்லை.
எனக்கு இங்கே தொலைத்த காணி கிடையாது,
பேர் வெட்டிய கல் கிடையாது.
பார்க்க வந்தேன், பார்க்கிறேன்,
அவ்வளவுதான் என் கதை.
கதை என்றதும் அவர்
ஊசியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

மத்தியானம் ஒரு மெஸ் பலகையில்
சுண்ணக்கட்டியால் 'சொதி'.
அட, நம் ஆள் என்று உட்கார்ந்தேன்.
எங்கள் சொதி தண்ணி; இடியப்பத்தில் விட்டால் ஓடும்.
இதுவோ பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் சுமந்து
சோற்றின்மேல் அசையாமல் அமர்ந்தது,
பக்கத்தில் இஞ்சித் துவையலைக் காவல் வைத்து.
பள்ளியில் என் வகுப்பில்
இரண்டு கமலாதேவி இருந்தார்கள்.
ஒருத்தியைக் கூப்பிட்டால்
மற்றவளும் திரும்புவாள்.
மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுகா ஒரு ஆட்டோ.
"குறுக்குத்துறைக்கு. ஆறுதலாப் போங்க அண்ணா."
கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
பாட்டை அணைத்தார்.
கொஞ்ச தூரம் போனபின், மெல்ல:
"யாரும்மா தவறிட்டாவ?"
பஸ்ஸைத்தான் கேட்கிறார் என்று நினைத்து
ஒன்றும் தவறவில்லை,
நாளைக்குத்தான் என்றேன்.
வண்டி ஓரத்தில் நின்றுவிட்டது.

விளங்கப்படுத்தக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
எங்கள் ஊரில் ஆறுதல் என்றால் மெதுவு,
அவசரமில்லை, வெயில் தாழட்டும் என்பது.
"அப்ப மெதுவான்னு சொல்ல வேண்டியதான!"
ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தார்.
பாட்டை மட்டும் திரும்பப் போடவில்லை.
பாலம் தாண்டும்போது சொன்னார்:
"எந் தம்பி தவறிட்டான்.
ஆவணி வந்தா வருசம்."
பின்னால் ஹாரன்கள்.
சைக்கிள் ஒன்று எங்களை முந்திப் போயிற்று.

தாமிரபரணி முழங்கால் அளவு.
ஆற்றுக்குள்ளே முருகன் கோயில்;
வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரையேற்றிவிட்டு
தண்ணீரை உள்ளே விட்டுவிடுவார்களாம்.
மீன்கள் என் குதிகாலைக் கடித்துப் பார்த்தன,
ஒத்துவரவில்லை.
அவர் நாலு படி தள்ளி
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
கால் நனைக்காமலே உட்கார்ந்திருந்தார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
என்னிடம் இருந்த சொல்லை
காலையிலேயே வேறு பொருளில் செலவழித்திருந்தேன்.
இருட்டும்வரை இருந்தோம்.

டவுனில் இறக்கிவிடும்போது
பேர் கேட்டேன். பலவேசம்.
அல்வா இலையில் சுட்டது.
சாவி விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.
படுக்குமுன் கணக்கெழுதினேன்:
சீப்பு இருபது, சர்பத் முப்பது,
சாப்பாடு நூற்றிருபது,
ஆட்டோ போக வர இருநூறு.
காத்திருந்த மூன்று மணி நேரத்துக்கு
வாங்க மறுத்துவிட்டார்.
அந்தக் கட்டத்தை
என்ன எழுதுவதென்று தெரியாமல்
விட்டுவைத்திருக்கிறேன்.