ஏழாவது உறை

ஏழாவது வெடித்தது.
எட்டாவது வரவில்லை.
விசை விரலுக்கடியில் சொத்தென்று கிடந்தது.
குழலை இலக்கின் பக்கமே விட்டு
இடக்கையை உயர்த்தினேன்.

பாசிர் லாபா. மழை பெய்யலாமா வேண்டாமா என்று
வானம் கூட்டம் போட்டிருந்த பிற்பகல்.
ரிசர்விஸ்டாக இது எனக்கு ஆறாம் வருடம்.
சட்டையின் கடைசிப் பொத்தான்
என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது.

"துடைச்சீங்களா, இல்லையா?"
தடத்தைக் கவனிக்கும் பையன் கேட்டான்.
துடைத்தேனப்பா. நேற்றிரவு, இரண்டு தடவை,
காது குடையும் பஞ்சு அரைப்பெட்டி காலி.
இருந்தும்
திருடிப் பிடிபட்டவன்போலத்தான் படுத்திருந்தேன்
மணல்மூட்டையில் முகவாயை வைத்து.

ஊரில் என் பிழைப்பே இதுதான்.
பொங்கோலில், புக்கிட் பாத்தோக்கில்
பாதி மாடியில் நின்றுவிட்ட மின்தூக்கிகளிடம் போய்
என்னாச்சு உனக்கு என்று கேட்பது.
எல்லாரும் கதவைத்தான் திட்டுவார்கள்.
கதவு பாவம்.
தடத்தில் ஒரு சாத்தே குச்சி கிடக்கும்.

சார்ஜன்ட் நூர்ஷாஹிரா வந்தார்,
கையில் டார்ச், காதில் செருகிய பென்சில்.
தோட்டாப் பெட்டியைக் கழற்றி
உள்ளே வெளிச்சம் அடித்தார்.
வாடகை பாக்கிக்காரன் மாதிரி
ஏழாவதின் வெற்றுறை
அறையைக் காலி செய்யாமல் உட்கார்ந்திருந்தது.
எட்டாவது அதன் முதுகில் மூக்கை முட்டிக்கொண்டு.

எட்டை எடுத்தார். பிறகு நீளக் கம்பியை
முன்வாய் வழியாக விட்டு
ஒரு தட்டு,
இன்னொரு தட்டு.
டொக்.

உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.
விளிம்பில் கால்வாசி இல்லை.
கொக்கி கடித்து இழுத்திருக்கிறது,
பித்தளை பிய்ந்ததே தவிர உடம்பு அசையவில்லை.
அவர் மலாயும் ஆங்கிலமுமாய்ச் சொன்னதை
நான் தமிழில் கேட்டுக்கொண்டேன்:
"கொக்கி நல்லா இருக்கு அபாங்.
கடிச்சிருக்கே, பாருங்க.
இதுதான் விடல."

சுடும்போது உறை வீங்கும்.
அறைச்சுவரோடு ஒட்டிப் புகையை அடைக்கும்.
அடுத்த கணமே
மயிரிழை சுருங்கி வழிவிட வேண்டும்.
இது வீங்கியது,
சுருங்க மறந்துவிட்டது.

தரையில் கிடந்த முதல் ஆறையும் பொறுக்கி
விளிம்புகளை நகத்தால் வருடிப் பார்த்தார்.
ஆறிலும் பல் தடம், ஒன்றைவிட ஒன்று ஆழமாக.
எனக்குத்தான் கேட்கவில்லை,
முதலிலிருந்தே முனகிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

அதற்குள் பதினொன்றாம் தடத்தில்
வெய் லூனின் கை எழுந்தது.
வேறு துப்பாக்கி, வேறு ஆள்,
தோட்டா மட்டும் அதே மரப்பெட்டி.
பென்சில் காதிலிருந்து இறங்கியது.
பெட்டியின் எண்ணைக் குறித்தார்,
சாக்பீஸால் அதன்மேல் பெரிய பெருக்கல் குறி.
என் அறையைத் துணிவிட்டுத் துடைத்து, உற்றுப் பார்த்து,
வேறு பெட்டியிலிருந்து இருபது தந்தார்.
இருபதும் போயின, ஒரு பேச்சில்லாமல்.
இலக்கில் பட்டவை ஒன்பதுதான்.
அதற்குத் துப்பாக்கியும் பொறுப்பல்ல, பித்தளையும் பொறுப்பல்ல.

தடப் பையன் என்னைப் பார்க்காமல்
தண்ணீர்ப் புட்டியை நீட்டினான்.
மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மின்னல் எச்சரிக்கை. எல்லாரும் கொட்டகைக்குள்.
உறைகளை எண்ணினார்கள், ஒன்று குறைந்தது,
மறுபடி எண்ணினார்கள்,
ஏழாவது பிளாஸ்டிக் பையில் இருப்பது
நினைவுக்கு வரும்வரை எவனும் மூச்சு விடவில்லை.
பையின்மேல் தேதி, பெட்டி எண், என் பெயர்.
பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

பிறகு வரிசையில் நின்று
பையைத் திருப்பிக் காட்டி, உரக்க:
என்னிடம் தோட்டா இல்லை,
வெற்றுறை இல்லை,
அவற்றின் எந்தப் பகுதியும் இல்லை, சார்.

ராத்திரி பத்து மணிக்கு உட்லண்ட்ஸ்.
இரண்டு தடவை சோப்புப் போட்ட கையை
முகர்ந்து பார்த்துவிட்டு மகிழினி கேட்டாள்:
"அப்பா, ஏன் காசு வாசனை அடிக்குது?"