நேற்று ஓட்டிய கார்

ஹோர்னாவான் ஏரி முக்கால் மீட்டர் உறைந்திருக்கிறது.
அதன்மேல் சாலை கீறுகிறோம், வட்டம் கீறுகிறோம்,
வசந்தத்தில் எல்லாம் தண்ணீராகும் என்று தெரிந்தே
வேக வரம்புப் பலகையும் நடுகிறோம்.

பிரேக்கை மிதிப்பது என் உத்தியோகம்.
எண்பதில் வந்து ஒரே மிதி.
நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் அளந்துவிடும், ஆனாலும்
நில்லா என்கிற பையன் ஓடிவந்து கொடி குத்துவான்.
நாற்பது தடவை. பிறகு காப்பி.

செவ்வாய்க்கிழமை, நிற்கும் கடைசி நொடியில்
கடன் கொடுத்தவனைக் கண்டதுபோல்
கார் முகத்தை இடப்பக்கம் திருப்பியது.
எழுதி வைத்தேன்.
புதன்கிழமை திருப்பவில்லை.

கொட்டகையில் ஒருவரும் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.
அதே டயர். கதவோரம் அதே கீறல்.
இரவு இரண்டே முக்காலுக்கு
கோத்தன்பர்க்கிலிருந்து எதுவோ வந்து இறங்கியிருக்கிறது,
பூட்டிய கதவு வழியே, பனியில் தடம் விழாமல்.
திரையின் மூலையில் மட்டும்
கடைசி ஆறு, ஏழாகியிருந்தது.

ஆக, என் நாற்பது மிதிகளும்
இப்போது எங்குமே இல்லாத ஒரு காரைப் பற்றிய
மிகத் துல்லியமான சாட்சியம்.

ஃபெரெஷ்தேயை அழைத்தேன்.
அவளிடமும் இதே கார் இருக்கிறது, ஆய்வுக்கூடத்தில்.
கார் என்றால், சக்கரமில்லை, இருக்கையில்லை;
இரும்பு அலமாரியில் பதினான்கு கறுப்புப் பெட்டிகள்,
குடல் சரிந்ததுபோல் வயர்கள்.
‘ராத்திரி பதினோராயிரம் கிலோமீட்டர் ஓடிற்று’ என்றாள்.
எங்கே?
‘உங்கள் ஏரியில்தான்.’

எங்கள் ஏரியில்!
யாரும் வழித்துவிடாத பனியில்,
ஒரு விரலும் மரத்துப்போகாமல்.

கேட்டேன்: உன் ஏரியில் ஊறல் உண்டா?
பனிப்பாரம் தாங்காமல் கட்டி எங்கோ விரிசல்விட்டு
அடித்தண்ணீர் மேலேறி
வெள்ளைக்குள் ஒளிந்துகொள்ளும்.
கண்ணுக்குத் தெரியாது.
டயருக்குத் தெரியும்,
டயர் சொல்லி என் இடுப்புக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம்.
பிறகு, கிண்டல் இல்லாமல்:
‘இடுப்புக்கு எத்தனை மில்லிசெகண்டில் தெரியும்?’

வியாழக்கிழமை ஊறலைத் தேடிப் போனேன்.
தேடினால் கிடைக்கிற பொருள்தானே.
எண்பது. மிதி.
மென்பொருள் யோசித்தது, நான் உணர்ந்தேன் அது யோசிப்பதை,
அதற்குள் கார் இரண்டு சுற்றுச் சுற்றி
பனிக்கரையில் மூக்கைப் புதைத்துக்கொண்டது.
நில்லா ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான்:
‘கொடியை எங்கே குத்த?’

அந்தச் சறுக்கல் ஒன்பது மெகாபைட் இருந்தது.
அனுப்பினேன்.
மறுநாள் பதில்: ‘நேற்றிரவு முப்பதாயிரம் முறை சறுக்கினீர்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டில் நிற்கவில்லை.
நன்றி.’

அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களை நினைத்து
சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

சாயங்காலம் உமியோவிலிருந்து என் தங்கை சொல்வெய்க்.
இதே கார், வாங்கி இரண்டு வருஷம்.
‘இன்று காலை பிரேக் வேறு காலுக்குத் தைத்த செருப்பு மாதிரி இருக்கிறது.
யாரைக் கேட்டு மாற்றினார்கள்?’
யாரை என்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
மெதுவாக ஓட்டு என்றேன்.
பிறகு, வாய் சும்மா இருக்காமல்,
நிற்கும்போது எந்தப் பக்கம் திரும்புகிறது என்றும் கேட்டேன்.
இடப்பக்கம் என்றாள்.
குறித்துக்கொண்டேன்.
அவளுக்குச் சம்பளமும் இல்லை, கொடிப் பையனும் இல்லை.

கொட்டகையில் காரை விட்டு இறங்குமுன் திரை கேட்டது:
புதிய பதிப்பு வந்திருக்கிறது, நிறுவலாமா?
கையுறை விரலை அது விரலென்று ஒப்பவில்லை.
மைனஸ் இருபத்தொன்பதில் கழற்றினேன்.
‘இப்போது’ என்று ஒன்று, ‘பிறகு’ என்று ஒன்று.
வேண்டாம் என்பதற்குப் பொத்தான் இல்லை.

பிறகு.

வெளியே நில்லா கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.
வரிசையாக நாற்பது துளைகள், சில கொஞ்சம் விலகி.
விடிவதற்குள் பனி தூர்த்துவிடும்.