வியாழக்கிழமை வரைக்கும்

இரண்டு வரி. வரிக்கு முப்பத்திரண்டு எழுத்து.
ஆறு நொடிக்குள் வாசித்து முடிய வேண்டும்.
கால்டிகாட் குன்றில், குளிரூட்டிய அறையில்
ஏழு வருஷம் இப்படித்தான்
டாரத்தி ஹெஸ்கெத்தைத் தமிழ் பேசவைத்தேன்.

ஹல் துறைமுகத்தில் மீன் வெட்டியவர் மகள்,
ஏதோ பத்திரிகைத் துணுக்கில் படித்தது.
பதினேழு வயதில் ஊர் ஊராக நாடகம்.
பிணமாக நடித்திருக்கிறாள்,
ஒரு தடவை பிணமாகத் தும்மியுமிருக்கிறாள்.
நாற்பதில் தொலைக்காட்சி கூப்பிட்டது:
தலைமைச் செவிலி, கஞ்சி போட்ட தொப்பி.
அப்புறம் யாருக்கும் அவளை
வேறு உடுப்பில் பார்க்கப் பிடிக்கவில்லை.

சாகக் கிடந்த சுமைகூலி ஒருவனை
‘லவ்’ என்றாள் ஒரு நாள்.
அன்பே என்று போட்டால் காதலாகிவிடும்.
மகனே என்றால் சினிமா.
மத்தியானச் சோறு ஆறும்வரை யோசித்து
‘கண்ணு’ என்று போட்டேன்.
சிராங்கூனிலிருந்து ஒருவர் கடிதம் எழுதினார்:
வெள்ளைக்காரி வாயில் ஏதய்யா கண்ணு?
மேலாளர் கஃபூர் அதைச் சுவரில் ஒட்டிவைத்தார்.

எண்பத்துமூன்று நவம்பரில்
விக்டோரியா அரங்குக்கு அவளே வந்தாள்.
எனக்கு பால்கனி டிக்கெட், பாதியைத் தூண் மறைத்தது.
அவள் வாய் திறக்கும்போதெல்லாம்
என் கண் மேடையின் அடிவிளிம்புக்கு இறங்கியது.
அங்கே விளக்குகள், ஒரு பல்லி.
எழுத்து எதுவும் இல்லை.

மூன்றாம் அங்கத்தில் வசனம் மறந்துவிட்டாள்.
எண்ணினேன். ஆறு நொடி தாண்டிவிட்டது.
நாற்காலியை நகர்த்தினாள். குவளையைத் துடைத்தாள்.
துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
அதற்காகவே மேடைக்கு வந்தவள் போல.

பின்வாசலில் மழை. டாக்சி இல்லை.
என் குடையில் பாதி கொடுத்தேன்.
என்ன வேலை என்று கேட்டாள், சொன்னேன்.
கழுத்தில் முகப்பூச்சு இன்னும் ஒரு கோடாக நின்றது.
“அப்படியென்றால் சொல்,
இங்கே நான் உயிரோடு இருக்கிறேனா?”

அவள் ஊரில் அந்தச் செவிலி செத்து இரண்டு வருஷம்.
சம்பளத் தகராறு; கதை எழுதியவர்கள்
அவளை ஒரு லாரிக்கு முன்னால் நடக்கவிட்டார்கள்.
எங்களுக்கு எல்லாம் தாமதமாகத்தான் வரும்.
கடைசி வசனத்தை அன்று காலைதான்
தட்டச்சு செய்திருந்தேன். ஒரே வரி.

“வியாழக்கிழமை வரைக்கும்.”

சிரித்தாள். “எட்டரை மணிக்கா?”
“ஒன்பது.”
“பரவாயில்லை, சாப்பிட்டுவிட்டுச் சாகலாம்.”

டாக்சி வந்தது. கதவைச் சாத்துமுன்
அந்தச் சொல்லால் என்னை அழைத்தாள்.
இடது தோள் முழுக்க நனைந்திருந்தது எனக்கு.