ஒரு சென்ரிமீற்றர் தண்ணி

நாலாவது கேள்வியில் பேனை நின்றது.
"உடம்புக்குள்ள உலோகம் ஏதும் இருக்கோ ஐயா?"
நீக்கிலாப்பிள்ளை, பாசையூர், வயது ஐம்பத்தெட்டு,
சிரித்தார்.
"இருக்கு. ஆனா எங்கையெண்டு
இண்டைக்குச் சொன்னா
நாளைக்குப் பொய்யாப்போகும் பிள்ளை.
முதுகிலதான் ஏறினது.
இப்ப தோள்மூட்டடியில நிக்குது.
நடக்குது அது."

எக்ஸ்ரேயை யன்னலுக்கு நேரே பிடித்தேன்.
நெத்தலிக் குஞ்சளவில் மூன்று வெள்ளை.

டொக்டரின் துண்டில் இரண்டு வரி:
தோளுக்கு சோட்வேவ் சூடு,
மணிக்கட்டுக்கு அல்ட்ராசவுண்ட்.
முதல் வரியை வெட்டினேன்.
அந்த மெசின் இரும்பைக் கண்டால்
அதைத்தான் முதலில் காய்ச்சும்,
பக்கத்துச் சதை வெந்தாலும் அதற்குத் தெரியாது.
வந்த ஆறு வருசத்தில்
இதே வரியை எத்தனை துண்டுகளில் வெட்டிவிட்டேன்,
ஒரே சிவப்புப் பேனையால்.

திரைக்கு அந்தப் பக்கம் துஷாந்தினி
ஒரு ரீச்சரின் முழங்காலுக்கு
அதைத்தான் பூட்டிக்கொண்டிருந்தாள்.
"நல்ல இதமாக் கிடக்கு" என்றார் ரீச்சர்.
இவர் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

மணிக்கட்டு முழுக்க எலும்பும் குழியும்.
வலை இழுத்து இழுத்து
பெருவிரல் நரம்பு கயிறாய்த் தடித்திருந்தது.
ஜெல் பூசி வைத்தால் பாதி காற்றோடு போய்விடும்.
அதனால் பேசின்.
விடியக் கொதிக்கவைத்து, மூடி, ஆறவிட்ட தண்ணீர்.

"ஏன் கொதிக்க வைச்சனீர்?"
"உள்ளுக்குள்ள காத்து நிண்டா சத்தம் போகாது ஐயா."
"காத்தில்லாத தண்ணியோ!
அதுக்குள்ள மீன் கிடக்குமோ?"
"கிடக்காது."
"அப்ப அது தண்ணியில்லை" என்றபடி
கையை இறக்கினார்.

நீல பேசினுக்குள் கறுத்த கை.
தோலிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து
மெல்ல வட்டம் போட்டேன்.
சூடில்லை, சத்தமில்லை, வெளிச்சமில்லை.
ஒரு நிமிசம் பொறுத்தார்.
"கரண்ட் போட்டனீரோ?"

தலையை வெளியே எடுத்து நிமிர்த்தி
அதன் முகத்தில் ஒரு துளி விட்டேன்.
துளி நடுங்கியது. கொதிப்பதுபோலப் பொரிந்து
புகையாய் எழுந்தது. தொட்டால் குளிர்.
குனிந்து பார்த்தார்,
விடியப்புறம் சாளைக் கூட்டம் மேலே வந்து
தண்ணீரைப் பொரியவைக்கும் இடத்தைப்
பார்க்கிற கண்ணால்.

"பெரிய போட்டுகளில இருக்கு இது,
அடியில மீன் நிக்குதோவெண்டு பாக்க.
எங்களிட்டை இல்லை.
இப்ப எனக்குள்ள என்ன நிக்குது?"
"இது பாக்கிற மெசின் இல்லை ஐயா."
"பாக்காமல் எப்பிடி மருந்து குடுக்கும்?"
நான் பதில் சொல்லவில்லை.
கையில் வெள்ளிப் பொட்டுகளாய்க் குமிழ்கள் ஒட்டத் தொடங்கியிருந்தன.
ஒவ்வொன்றும் ஒரு சுவர்.
விரலால் துடைத்துவிட்டேன்.
திரும்பவும் வந்தன. திரும்பவும் துடைத்தேன்.

மூன்றாம் நிமிசம் கரண்ட் போனது.
ஃபான் இளைத்து நின்றது.
ஜெனரேற்றர் தியேற்றருக்கு மட்டும்தான்.
"எடுக்கட்டோ?"
"இருக்கட்டும் ஐயா, வந்திடும்."
இருட்டில்லை, மத்தியானம்தான்.
ஆனாலும் இரண்டு பேரும் சத்தம் குறைத்துக் கதைத்தோம்.
தோள் எப்போது கூட உளையுமென்று கேட்டேன்.
மழைக்கு முந்தின நாள், என்றார்.
வானிலை அறிக்கைக்காரர் பிழைவிட்டாலும்
இது பிழைவிடாதாம்.
தோளைக் கையால் பிடித்துவிட்டேன்,
அந்த மூன்றையும் தொடாமல் சுற்றி.

பத்து நாள் எழுதியிருந்தது அட்டையில்.
ஐந்துக்கு ஒப்பம் இருக்கிறது.
ஆறாம் நாள் பதினொன்றரை வரை
தண்ணீரை ஆற்றி வைத்திருந்தேன்.
சோளகம் எழும்பி, மீன் படுகுதாம்,
பாசையூரில் ஒருத்தரும் கரையில் இல்லையாம்,
மருந்து எடுக்க வந்த மனிசி சொன்னா.

பேசினைக் கவிழ்த்தேன்.
அடியில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டினேன்,
வரவில்லை.