ஒட்டுறவு

நிலத்தடி நீர்ப் பிரிவில் தற்காலிக வேலை எனக்கு.
மாதம் ஒருமுறை அயனாவரம் போய்
இரும்பு நாடாவில் சாக்பீஸ் தேய்த்துக்
கிணற்றுக்குள் இறக்குவேன்.
சாக்பீஸ் எதுவரை கரைந்திருக்கிறதோ
அதுவரை தண்ணீர்.

பன்னிரண்டு ஏ. பன்னிரண்டு பி.
ஒரே மனை, கோர்ட்டு இரண்டாக்கியது.
நடுவில் சுவர், சுவர்மேல் கண்ணாடிச் சில்லு.
இந்தப் பக்கம் தெய்வநாயகம்,
அந்தப் பக்கம் தம்பி மாசிலாமணி.
"எங்களுக்குள்ள ஒட்டுறவு கிடையாதும்மா,
அங்க எழுதினத இங்க காட்டாத"
என்பார் அண்ணன்காரர்.

முப்பத்தாறு மாதம்.
இரண்டு பத்தி எண்கள்.
ஒவ்வொன்றும் தன் சராசரியை விட்டு
எவ்வளவு விலகியது என்று பார்த்து
இந்த விலகலை அந்த விலகலால் பெருக்கிக்கொண்டே போனேன்.
இவர் இறங்கினால் அவரும் இறங்குகிறாரா,
கேள்வி அவ்வளவுதான்.
விடை ஒன்றைத் தாண்டாது,
மைனஸ் ஒன்றுக்குக் கீழும் போகாது.
பாடப்புத்தகத்தில் அதன் பெயர்
ஒட்டுறவுக் கெழு.
டீ புரையேறிவிட்டது எனக்கு.

வரைந்து பார்த்தால்
ரேஷன் கடை வரிசைபோலச்
சாய்வாக நின்றன புள்ளிகள்.
ஒன்றே ஒன்று மட்டும்
வரிசையை விட்டுத் தெருவுக்கு அந்தப் பக்கம்.

அது ஜூன்.
லாரி வருமென்று
குடங்கள் இரவெல்லாம் ரோட்டில் கிடந்த ஜூன்.
அண்ணன் கிணறு பாதாளத்தில்,
தம்பி கிணறு மட்டும் நிமிர்ந்து.

"ரீடிங் தப்பு, தூக்கிடு" என்றார் குணசீலன் சார்.
தூக்கினால் பூஜ்யம் புள்ளி ஒன்பது ஏழு.
விட்டால் பூஜ்யம் புள்ளி ஏழு நான்கு.

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன்.
ஓரத்தில் என் கையெழுத்து, வியர்வையில் கொஞ்சம் ஊறி:
பி-யில் மோட்டார் எரிந்துவிட்டது.
ஏ-யிலிருந்து சுவர் தாண்டிப் பச்சை ட்யூப்.
சில்லு கிழிக்காமலிருக்க
அடியில் கோணி, நாலாக மடித்து.

ஒன்பது ஏழுக்கு மழை பொறுப்பு.
இரண்டு கிணற்றுக்கும் அதுதான் மேலதிகாரி.
ஏழு நான்கிற்கு
எந்தக் காலத்தில் யார் பெயரை எழுத?

'ரீடிங் சரி' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

போன வாரம் போனபோது கோணி இல்லை.
சுவரில் ஒரு முழம் மட்டும்
சில்லெல்லாம் மழுங்கிக் கிடந்தது.
நாடாவைச் சுருட்டும்வரை நின்றுவிட்டு,
முருங்கையைப் பார்த்தபடி கேட்டார் தெய்வநாயகம்:
"அந்தப் பக்கம் எத்தன அடி?"