ஜூலையில் வாருங்கள்

பக்கத்துத் தீவிலிருந்து ஐந்து பேர்
படகிறங்கி வந்திருக்கிறீர்கள்.
நனைந்த காலுறைகளை அடுப்புக் கம்பியில் காயப்போட்டுவிட்டு
ஆளுக்கொரு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறீர்கள்.
எங்கள் வெற்றியை எழுதிக்கொண்டு போக வந்தீர்களென்றால்
அது அரைப் பக்கத்துக்கு மேல் வராது.
முப்பத்தேழு வீடு. விளக்கு எரிகிறது.
சிப்பி வைக்கும் குளிர்பெட்டி ஓடுகிறது.
அவ்வளவுதான்.

மிச்சப் பக்கங்களுக்குச் சொல்கிறேன்.

பொறியாளர் ஜனவரியில் வந்தார்.
ஜனவரியில் சிலோயே வானம் பொய் சொல்லும்.
இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும்.
சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு
எலியேசர் உவெனாந்தேயின் உருளைக்கிழங்குக் கொல்லையில் நின்று
இங்கேதான் தகடுகள் என்றார்.
சரி என்றோம்.
படித்தவர். தவிர,
அவருக்காக வைத்த சூப் ஆறிக்கொண்டிருந்தது.

ஜூன் வந்தது.
எங்களுக்குச் சூரியன் வடக்கே நடப்பவன்,
வடக்கே இருப்பதோ குன்று.
பாயைச் சுருட்டுவதுபோல்
வெயிலைச் சுருட்டி வைத்துக்கொண்டது.
பதினொன்றுக்குத் தலைகாட்டி
ஒன்றரைக்குப் போய்விடுவான்.
பேட்டரிகள் பட்டினி.
இரவு எட்டுக்கு இருட்டு,
பிறகு பழைய டீசல் இயந்திரத்தின் இருமல்.

அந்த நிழல்
ஒதிலியா சிகுவாய்க்குத் தெரியும்.
இருபது குளிர்காலமாக அந்தச் சரிவில் ஆடு மேய்ப்பவள்.
எந்தப் புல்லில் உறைபனி
மதியம்வரை கரையாதென்று
அவளிடம் யாரும் கேட்கவில்லை.
அன்றைய கூட்டத்தில் அவளும் இருந்தாள்.
ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன்.
“நீங்களெல்லாம் கிலோவாட் என்று பேசினீர்கள்.
நடுவில் நான் எப்படி ஆடு என்று பேசுவது?”

பணம்.
அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்.
முதல் வருஷம் எல்லா வீட்டுக்கும் ஒரே கட்டணம்.
இரண்டு பல்பு எரிக்கும் தாமியான் நவெல்கினுக்கும்
படகுப் பட்டறையில் வெல்டிங் வைத்த அவன் அண்ணனுக்கும்
ஒரே தொகை.
தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்
பெஞ்சை மாற்றிக்கொண்டார்கள்.

அப்புறம் மீட்டர் வந்தது.
மீட்டருக்குப் பின்னால் ஒரு ஒயரும் வந்தது,
கணக்கெழுதும் என் வீட்டில்.
ஆமாம், என் வீட்டில்தான்.
மூன்று வாரம்.
மகன் பிடித்த மீன் கெட்டுப்போகுமே என்று.
நோட்டிலிருந்து தலையைத் தூக்காதீர்கள், எழுதுங்கள்.
கூட்டத்தில் எழுந்து நானே சொன்னேன்.
யாரும் வாய் திறக்கவில்லை.
அந்த வாரமே இன்னும் நான்கு வீட்டு ஒயர்கள்
தாமாகக் கழன்று விழுந்தன.

கொட்டகையை இடிக்கவில்லை.
இந்தத் தீவுகளில் வீடு நடக்கும், உங்களுக்குத் தெரியாததா?
அடியில் மரத்துண்டுகள், முன்னால் ஒன்பது ஜோடி எருதுகள்.
மிங்காவுக்கு வா என்றால்
கோபத்தில் இருப்பவனும் வந்துதான் ஆகவேண்டும்.
பேட்டரிகளைக் கழற்றி
நோயாளியைத் தூக்குவதுபோல்
போர்வையில் வைத்துச் சுமந்தோம்.
சேற்றில் ஒரு பக்கம் சாய்ந்தது கொட்டகை.
ஒரே கயிற்றில் அண்ணனும் தம்பியும்.
பேசிக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன்.
“இழு” என்றான் ஒருவன்.
மற்றவன் இழுத்தான்.

இடம் காட்டியவள் ஒதிலியா.
முன்னால் நடந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.
ஆடுகள் படுத்துக் கிடந்த ஒரு மேட்டில் நின்று
கோலை ஊன்றினாள்.

எத்தனை தகடு, எந்தக் கம்பெனி என்கிறீர்கள்.
பெட்டிமேல் அச்சடித்திருக்கிறது,
போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.
இப்போது மழைக்கு முன்னால்
எனக்கு ஒரு விஷயம் தெரியவேண்டும்.
வரும் வருஷம் காற்றாலை நிறுத்தப்போகிறோம்.
உங்களுடையது விழுந்துவிட்டதாமே.
வெட்கப்படாமல் சொல்லுங்கள்.
என் பேனாவிலும் மை இருக்கிறது.