அடிப்பக்கம்

காரை வெளியே விட்டு இது நாலாவது மாதம்.
அதன்மேல் பனி இன்னொரு காராகக் கிடக்கிறது.
கேம்பிரிட்ஜில், கிராண்ட் ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்
கராஜுக்குள் நான் மேசை செய்கிறேன் என்று.

எழுதுகிற மேசை.
"என்னத்தை எழுதப்போறியள்?" என்றாள் சுகிர்தா.
வாழ்த்து மட்டையில்கூட
என் பெயரையும் அவளே எழுதுகிற வீடு.
முதலில் மேசை, என்றேன்.

எல்மைராவுக்கு அப்பால் ஒரு பண்ணையில்
கறுப்பு வால்நட், ஐந்து பலகை.
விற்றவர் ஒவ்வொன்றாகப் புரட்டி
நான் காணாத வெடிப்பைத் தானே காட்டி
விலையில் கழித்தார்.
வீடு வரும்வரை நான் வானொலியைப் போடவில்லை.

சீவுளி ஓட ஓட
சாம்பல் தோலுக்குக் கீழே கோப்பி நிறம்,
அதற்கும் நடுவே ஊதாவாய் ஒரு நரம்பு.
ஊதா நிற்காதாம். வெளிச்சம் பட்டால் பழுப்பாகிவிடுமாம்.
விழுந்த சுருள்களைத் தலைமயிராக வைத்துக்கொண்டு
சின்னவன் வீடு முழுக்க ஓடினான்.

குளிரில் பசை பிடிக்காது.
ஒட்டிய மேற்பலகை ஏழு கிளாம்புகளோடு
வரவேற்பறைக்கு வந்து
சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே
சத்திரசிகிச்சை முடிந்த ஆள்போலப் படுத்திருந்தது.
இரண்டு நாள் அதைச் சுற்றித்தான் நடந்தோம்.

ஒரு கால் மூன்று மில்லிமீட்டர் கட்டை.
மற்ற மூன்றையும் வெட்டினேன்.
இப்போது வேறொன்று கட்டை.
அதற்காகத் திரும்ப வெட்டி,
மேசை முக்காலியாவதற்குள் கையை நிறுத்தினேன்.

மின்வாளின் தடுப்பை மட்டும்
ஒருதரமும் கழற்றவில்லை.
சிறு துண்டு அறுக்கையில் அது இடைஞ்சல்தான்.
கழற்றினால் பாதி நேரம் மிச்சம்.
தொழிற்சாலையில் அப்படித்தான் சொன்னேன்
அர்மிந்தோவுக்கு.
அந்தக் கிழமை எண்ணூறு துண்டு குறைவு.
திருகாணி நாலு. கழற்றியது நான்.
விரல் இரண்டு. அவனுடையது.
படிவத்தில் யாரோ
"தானாகக் கழன்றிருக்கலாம்" என்று எழுதினார்கள்.
நான் அங்கேதான் நின்றேன்.

மேற்பலகையைச் சட்டத்தோடு
அசையாமல் இறுக்கக்கூடாது.
யூலையில் அகலும், சனவரியில் ஒடுங்கும்.
திருகாணித் துளையை நீள்வாக்கில் தோண்டி
அது போய்வர இடம் விடவேண்டும்.
விடாவிட்டால் ஒரு இரவில்
வெடிபோலச் சத்தம் கேட்கும்.

எண்ணெய் பூசக் கவிழ்த்துப் போட்டோம்.
அப்போதுதான் சுகிர்தா வாசித்தாள்,
பென்சிலில் நான் எழுதிய அத்தனையையும்.
முன் இடது.
இது மேலே.
72.5 வெட்டி, 71.9.
மடையா, மற்றப் பக்கம்.
பசைக்கடைக்காரனின் தொலைபேசி இலக்கம்.
லாச்சி வருகிற ஓரத்தில், சின்ன எழுத்தில்:
அர்மிந்தோ, தடுப்பைக் கழற்றினது நான்.

எப்போது எழுதினேன் என்று தெரியாது.
பசை காயக் காத்திருந்த ஏதோ ஒரு இரவு.

அவள் கையில் மண்கடதாசி.
"இதைத் தேய்க்கிறதோ?"
"வேண்டாம்."
வேறொன்றும் கேட்காமல்
எண்ணெய்த் துணியை என்னிடம் நீட்டினாள்.
எண்ணெய் பட்டதும் மரம் கறுத்தது.
எழுத்து அழியவில்லை.

நேற்று மேசை மேல்வீட்டுக்கு ஏறியது.
படிக்கட்டின் திருப்பத்தில் சுவரைச் சுரண்டியது;
அதற்கு வேறு பெயின்ட் வாங்கவேண்டும்.

கதிரை, விளக்கு, கடதாசி.
அவனுக்குத் தமிழ் வராது.
எனக்குப் போர்த்துக்கேயம் வராது.
இரண்டுபேருக்கும் அரைகுறையாய் வருகிற ஆங்கிலத்தில்
பன்னிரண்டு வருடம் பகிடி விட்டிருக்கிறோம்.
அதே ஆங்கிலம் இதற்குப் போதுமோ?

கால்கள் கட்டையானதால்
உள்ளே முழங்கால் தட்டுகிறது,
கிட்டத்தட்ட அந்த வரி இருக்கிற இடத்தில்.
இடது கையின் ஐந்து விரலாலும்
கடதாசியை அழுத்திப் பிடித்துக்கொண்டு
இதுவரைக்கும்
அவன் பெயரை எழுதியிருக்கிறேன்.